மச்சானின் கிலுக்கு

மச்சானின் சைக்கிளில் மணி இருக்கவில்லை. பின் கரியருக்குக் கீழே ஒரு பால்மாத் தகரம் கம்பியால் கட்டித் தொங்கும். அதற்குள் துருப்பிடித்த நட்டுகள் நாலைந்து கிடக்கும். தார் ரோட்டில் அது சும்மா இருக்கும். கிரான் பாலம் கடந்து, மேற்கே கிரவல் மண் ரோட்டில் சில்லு ஏறியதுமே அலறத் தொடங்கிவிடும். குடும்பிமலைப் பக்கத்து மாட்டுப் பட்டிகளுக்குப் பால் எடுக்கப் போகிற எல்லாருடைய சைக்கிளிலும் அப்படி ஒரு தகரம் இருந்தது. கிலுக்கு என்போம். யானையைப் பயமுறுத்துவதற்காக நாங்கள் அதைக் கட்டவில்லை. யானை திடுக்கிட்டால்தான் ஆளைக் கொல்லும். தூரத்திலேயே கேட்டுவிட்டால் மெல்ல ஒதுங்கிக் காட்டுக்குள் போய்விடும். காலையில் வெறும் பால் கானோடு போகும்போது கான்களே கடகடவென்று அடித்துக் காட்டை எழுப்பிவிடும். பால் நிறைந்து திரும்பும்போது கான் ஊமையாகிவிடும். அப்போது எங்கள் உயிர் அந்தத் தகரத்தில்தான் தொங்கும்.

மச்சான் என் அக்காவின் புருஷன். கை நீட்டுகிற ஆள். பேச்சை விட அடி முந்தி வரும். பால் நிலையத்தில் ஒருவன் வரிசை மாறி நின்றதற்காக அவனுடைய மணிக்கட்டைச் சைக்கிள் பம்பால் அடித்து முறித்தவர். அக்காவின் இடது கன்னத்தில் ஒரு வடு இருக்கிறது. அதைப் பற்றி அவள் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. என்னையும் அடித்திருக்கிறார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க இன்றைக்கும் கூச்சப்படுகிறவன். அடி வாங்கினாலும் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை எடுத்துவிடுவேன். "இவனுக்கு அடிச்சா மரத்துக்கு அடிச்ச மாதிரி" என்று மச்சானே சிரிப்பார்.

சண்டைக் காலத்தில் பக்கத்தில் செல் குண்டு விழுந்ததில் அவருக்கு இரண்டு காதும் போய்விட்டிருந்தன. முகத்துக்கு நேரே நின்று கத்தினால் கொஞ்சம் விளங்கும். தன் சைக்கிளின் கிலுக்கு அவருக்குக் கேட்காது. அப்படியும் முன்னுக்குப் போவது அவர்தான். பின்னால் நான். வளைவு வருமுன் ஒருமுறை திரும்பி நாடியை உயர்த்துவார். கிலுக்கு அடிக்குதா என்று கேட்கிறார் என்று அர்த்தம். நான் தலையாட்டுவேன். பிறகுதான் வளைவில் திரும்புவார். பதினொரு வருஷம் அப்படித்தான் போய்வந்தோம். இந்த உலகத்தில் அவர் அடிக்காமல் நம்பிய ஒரே விஷயம் என் தலையாட்டல்தான் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

கல்லடியில் தங்குமிடம் நடத்துகிற ஒருவர் எங்களைத் தேடி வந்தார். தடித்த டயர் போட்ட சைக்கிள்களில் வெள்ளைக்காரர்கள் வருகிறார்களாம். வாகனமே இல்லாத கிரவல் ரோட்டும் மலையும் வேண்டுமாம். வழி காட்ட ஆள் வேண்டும் என்றார். வாகனம் இல்லாத ரோட்டு எங்களிடம் தாராளமாக இருந்தது. குண்டுக்கும் கண்ணிவெடிக்கும் பயந்து வருஷக்கணக்காக ஆள் போகாத ரோட்டு அது. அதன் பிறகு யானைக்குப் பயந்து போகாத ரோட்டு. அவர்கள் அதை அமைதி என்றார்கள். மலையைச் சுற்றி ஏறி இறங்கும் வழியில் நாங்கள் கால் கடுக்க மிதித்துப் போவதைப் பார்ப்பதற்கே கடல் கடந்து வந்தவர்களைப் போல, எங்களுடைய பழைய சைக்கிள்களையும் படம் எடுத்தார்கள். மச்சானுக்கு அது பிடித்திருந்தது. மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

மூன்றாவது பயணத்தில் தங்குமிடக்காரரோடு நாலு பேர் வந்தார்கள். அவர்களில் ஒரு பெண் கைபோனைச் சைக்கிளில் பூட்டி, போகிற வழியெல்லாம் படமாக எடுத்துக்கொண்டு வந்தாள். முதல் ஏற்றம் முடிந்து ஒரு வாகை மரத்தடியில் நின்றோம். மச்சான் தண்ணீர்ப் போத்தலோடு வாய்க்காலுக்கு இறங்கினார். தங்குமிடக்காரர் என்னிடம் வந்தார்.

"அண்ணன், அந்தத் தகரச் சத்தம் முழுக்க வீடியோவில விழுகுதாம். குருவிச் சத்தம் ஒண்டும் கேக்கல்லியாம். கழட்டச் சொல்லுங்களன்."

"அவர் கழட்ட மாட்டார்."

"நான் சொன்னா அவர் அடிப்பார். நீங்க அவர்ட மச்சான்தானே. கொஞ்சத் தூரத்துக்கு மட்டும்."

யானை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு சொல் போதும். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தபடி நின்றாள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. எட்டு நாளுக்கு முன்தான் மச்சான் என்னைப் பால் நிலையத்தில் எல்லாரும் பார்க்க அறைந்திருந்தார். கான் மூடியைச் சரியாக அழுத்தவில்லையாம். தடுக்க வந்த அக்காவின் கையையும் முறுக்கினார். அது நெஞ்சில் கிடந்ததா, அந்த நேரத்தில் அதை நினைத்தேனா என்று எனக்குத் தெரியாது. கழுத்தில் கிடந்த துவாயில் ஒரு துண்டைக் கிழித்தேன். மச்சானின் தகரத்துக்குள் திணித்தேன். நட்டுகள் துணிக்குள் அடங்கிக்கொண்டன. என்னுடைய தகரத்தையும் அப்படியே செய்தேன். கான்களை அன்றைக்கு நாங்கள் கொண்டு போயிருக்கவில்லை.

பாறை வளைவுக்கு முன்னால் மச்சான் திரும்பினார். நாடியை உயர்த்தினார்.

நான் தலையாட்டினேன்.

வளைவு திரும்பியதும் அது நின்றது. ரோட்டை மறித்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தது. தனியன் யானை. மச்சானுக்கும் அதற்கும் நடுவில் ஒரு தென்னை நீளம்கூட இல்லை. கிரவலில் பிரேக் பிடித்த சில்லு சறுக்கிய சத்தத்துக்கு அது ஒரே கிறுகாய்க் கிறுகி எங்கள் பக்கம் பார்த்தது. மச்சான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடவில்லை. எங்களைப் பார்த்து, "கிறுகி ஓடுங்கடா!" என்று கத்தினார். அவருக்கே கேட்காத குரல் அது. அடுத்த மூச்சில் தும்பிக்கை அவரை இடுப்பில் பிடித்துப் பாறையில் அடித்தது. தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. பிறகு காலை வைத்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருடைய ஒரு கை கிரவலைப் பிராண்டியது. யானை சைக்கிளையும் மிதித்து, மடக்கி, தூக்கிப் புதருக்குள் எறிந்துவிட்டு, அவசரம் ஒன்றும் இல்லாமல் காட்டுக்குள் நடந்தது. வெள்ளைக்காரர்களும் தங்குமிடக்காரரும் வந்த வழியே ஓடிவிட்டிருந்தார்கள்.

நான் முதலில் மச்சானிடம் போகவில்லை. முதலில் புதருக்குள் போனேன். நசுங்கிய தகரத்தை நெளித்துத் திறந்து, துணியை இழுத்தெடுத்து மடிக்குள் வைத்தேன். என் தகரத்தில் இருந்ததையும் எடுத்தேன். அதற்குப் பிறகுதான் அவருடைய தலையை மடியில் எடுத்தேன். அது தலையாக இருக்கவில்லை.

செத்த வீட்டில் பால்காரர் எல்லாரும் மச்சானின் கிலுக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். சந்திவெளியில் இருந்து வருகிற பால்காரர் ஒருவர், மச்சானுக்கு ஈடான முரடர், முற்றத்தில் நின்று சொன்னார்: "கிலுக்குக் கட்டின மனிசனையே அடிச்சிட்டுது. மறுகா இந்தத் தகரம் என்னத்துக்கு? யானைக்கும் காது செவிடாப் போச்சு போல." இரண்டொருவர் சிரித்தும்விட்டார்கள். அவர் அங்கேயே தன் சைக்கிளில் இருந்த கம்பியை முறுக்கி அறுத்துத் தகரத்தை வேலிக்கு மேலால் எறிந்தார். இன்னும் மூன்று பேர் அப்படிச் செய்தார்கள். தங்குமிடக்காரர் ஒரு மூலையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆட்கள் இருந்து எழும்பிய கதிரைகளை அடுக்கினேன்.

ஏழு மாதம் அவர்கள் தகரம் இல்லாமல் போய்வந்தார்கள். ஒவ்வொரு காலையும் ஆட்களை எண்ணிப் பார்ப்பேன். திரும்பி வரும்போதும் எண்ணுவேன். ஒருநாள் ஒரு ஆள் குறைந்தது. சந்திவெளிக்காரர். யானை துரத்தியதில் பள்ளத்தில் விழுந்து வலது கை இரண்டு இடத்தில் முறிந்து கிடந்தார். பால் முழுக்கக் கிரவலில் ஊறியிருந்தது. உயிர் தப்பியது அவருடைய நல்ல காலம்.

அன்று பின்னேரம் அக்காவிடம் போனேன். அவள் குசினி வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மச்சான்ட கிலுக்குக்குள்ள துணி அடைச்சது நான்."

அவள் நிமிரவில்லை. "வளைவில திரும்பிப் பாத்திருப்பாரே."

"பாத்தார்."

"நீ?"

"தலையாட்டினன்."

மீன் செதிலோடு இருந்த கையால் அறைந்தாள். அது போதாமல் மறுபக்கமும் அறைந்தாள். "அந்த மனிசன் எனக்கு அடிச்சான் எண்டா அது என்ட தலைவிதி. உன்னட்ட வந்து கொல்லச் சொல்லி நான் கேட்டனானா?"

"வேணுமெண்டு செய்யல்ல அக்கா."

"அது உனக்குத் தெரியுமா?"

அவள் மீன் சட்டியைத் தள்ளி வைத்தாள். பிறகு கையைக் கழுவினாள். "சந்திவெளிக்காரன்ட கையையும் நீதான் முறிச்ச. நாளைக்குப் போய் அவங்களிட்டச் சொல்லு. நீ சொல்ல மாட்டாய், எனக்குத் தெரியும். நானும் வாறன்."

பால் நிலையத்தில் வரிசை நிற்கும்போது அவள் என்னை முன்னால் தள்ளிவிட்டாள். சொன்னேன். கையில் கட்டோடு, தன் பாலை எடுத்துவர ஆள் கேட்டு வந்திருந்த சந்திவெளிக்காரர் முடியும்வரை கேட்டார். பிறகு இடது கையால் என் வாயில் குத்தினார். விழுந்தேன். காலால் நெஞ்சில் மிதித்தார். "ஏழு மாசம்! ஏழு மாசமா நான் சத்தமில்லாமப் போய்வந்திருக்கன்டா! எனக்கு மூணு பொம்புளப் புள்ளயள்டா!" என்று மிதித்துக்கொண்டே அழுதார். ஒருவரும் தடுக்கவில்லை. அக்காவும் தடுக்கவில்லை. அடி ஓய்ந்த பிறகு, பிந்தி வந்த இரண்டு பேரைக் காட்டி, "இவங்களுக்கும் சொல்லு" என்றாள். உடைந்த பல்லைத் துப்பிவிட்டு முதலில் இருந்து மறுபடி சொன்னேன். அடுத்த நாள் எல்லாச் சைக்கிளிலும் தகரம் ஏறியிருந்தது.

அதில் இருந்து, பட்டிக்குப் புதிதாக யார் பால் எடுக்க வந்தாலும் அக்காவுக்குத் தெரிந்துவிடும். ஆள் அனுப்பிவிடுவாள். நான் போய் நின்று சொல்ல வேண்டும். கூச்சம் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை.

போன கிழமை வாகரையில் இருந்து ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். சைக்கிளில் சாய்ந்துகொண்டு கடைசிவரை கேட்டார்.

"வேணுமெண்டு செஞ்சீங்களா?"

எல்லாரும் கேட்கிற கேள்விதான். "தெரியாது" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணன், குறை நினைக்காதீங்க. நீங்க எனக்குப் பின்னால வர வேணாம்."

சரி என்றேன். சைக்கிளை உருட்டி அவரைக் கடந்து, முன்னால் கிரவலில் ஏறினேன்.