இரவல் மைக்ராஸ்கோப்

ஓமானில், சலாலா பள்ளியில் லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்த முதல் நாள் அலமாரியைத் திறந்தேன். மைக்ராஸ்கோப் இரண்டுதான் இருந்தது. ஒன்றில் லென்ஸ் முழுக்கப் பூஞ்சை. கரீஃப் என்கிற பருவமழைத் தூறலில் சலாலா மலைகள் பச்சைப்பசேல் என்று ஆகும். அதே ஈரம் லென்ஸையும் கெடுத்துவிடும். அந்தத் தூறல் வாசனை இன்றும் எனக்கு மூக்கிலேயே நிற்கிறது.

அது இரண்டாயிரங்களின் தொடக்கம். எங்களுடையது இந்தியப் பிள்ளைகளுக்கான பழைய பள்ளி. டிரைவர், டெய்லர், கடைக்காரர் என்று யார் வீட்டுப் பிள்ளை வந்தாலும் சேர்த்துக்கொள்வோம். பள்ளியை நடத்திய கமிட்டியே ஊருக்கு வெளியே புது கேம்பஸ் ஒன்று திறந்திருந்தது. அங்கே நுழைவுத் தேர்வு உண்டு, ஃபீஸும் எக்கச்சக்கம். வளர்ச்சி நிதியை இரண்டு பள்ளிப் பெற்றோரும் கட்டினார்கள். அது செலவானதெல்லாம் அங்கேதான். கேட்டால், "புதுசு இல்லையா, முதல்ல அது நிக்கட்டும்" என்பார்கள்.

வருடத்துக்கு ஒரு முறை கமிட்டி பார்வையிட வரும். முந்தைய நாள் பிரின்சிபால் மேடம் என்னைக் கூப்பிடுவார். கோயமுத்தூர்க்காரர், குரலை உயர்த்தவே மாட்டார்.

"வசந்தா, வர்றவங்க முன்னால நம்ம மானம் போகக் கூடாதுங்க. ஏதாச்சும் பண்ணுங்க."

பண்ணினேன். புது கேம்பஸ் லேபில் வேலை பார்த்தவள் என் ரூம்மேட். அவளிடம் பத்து மைக்ராஸ்கோப் இரவல் வாங்குவேன். எங்கள் பஸ் டிரைவர் செல்வம் காலையில் ஏற்றி வருவான், சாயங்காலம் திருப்பிக் கொண்டுபோவான். கமிட்டி சேர்மன் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, ஒரு குறையும் இல்ல" என்பார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியாது. மூன்று வருடம் இதே கூத்து. மடச்சி நான்.

மூன்றாம் வருடம் லேபுக்கு நிதி கேட்டு மேடம் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தது: 'லேப் போதிய வசதியுடன் இருப்பதை நேரில் கண்டோம்.' பிராக்டிகலில் பிள்ளைகள் மார்க்கைக் கோட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். இப்படியே போனால் அடுத்த ஆண்டு பிளஸ் ஒன் சயன்ஸ் குரூப்பே கிடையாது என்று மேடம் சொல்லிவிட்டார்.

செல்வத்தின் மகள் அப்போது எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு. அவன் லேப் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, எம்மக சயன்ஸ்தான் படிப்பேன்னு நிக்கிது. அந்த கேம்பஸ் ஃபீஸ் நம்மால ஆகாது. ஊருக்கு அனுப்பினா அவளும் அவ அம்மாவும் அங்க, நான் இங்க." மைக்ராஸ்கோப் அலமாரியைக் காட்டினான். "டப்பாவத் தூக்குனதே நாந்தானக்கா."

தூக்கச் சொன்னவள் நான்.

அடுத்த முறை கமிட்டி வந்தபோது நான் எதையும் இரவல் வாங்கவில்லை. மேடத்திடமும் சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகள் ஒரே மைக்ராஸ்கோப் முன்னால் வரிசையில் நின்றார்கள்.

"போன தடவை நிறைய இருந்துச்சே, எங்கம்மா?" என்றார் சேர்மன்.

"அது புது கேம்பஸ் சாமான் சார். இரவல் வாங்கி வச்சேன்."

"அப்ப மூணு வருஷமா எங்கள ஏமாத்தியிருக்கீங்க."

"ஆமா சார். ஏமாந்தது இந்தப் பிள்ளைங்கதான். இவங்க வீட்லயும் அதே நிதிக்குத்தான சார் கட்டுதாங்க?"

வேலை போச்சு என்று நினைத்தேன். மேடம் என் பக்கத்தில் வந்து நின்றார். "நான்தானுங்க செய்யச் சொன்னேன்" என்றார், அதே தாழ்ந்த குரலில்.

சேர்மன் காரில் ஏறிப் போய்விட்டார். ஒரு வாரம் கழித்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று எங்கள் இருவருக்கும் மெமோ. இன்னொன்றில், இனி நிதி பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி இரண்டு பள்ளிக்கும் பிரிக்கப்படும் என்றிருந்தது.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பார்வையிட வருகிறவர்களுக்காக எதையும் ஒளிக்காதீர்கள். நாங்கள் மானத்தைக் காப்பாற்றப் போய்ப் பிள்ளைகளின் பங்கை விட்டுக்கொடுத்தோம்.

சயன்ஸ் குரூப் தப்பித்தது. புது மைக்ராஸ்கோப்புகள் செல்வத்தின் பஸ்ஸில்தான் வந்தன. முதல் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பழக்கதோஷத்தில் கேட்டான்: "சாயங்காலம் எத்தன மணிக்குக்கா திருப்பி ஏத்தணும்?"

"ஏத்த வேண்டாம்ல," என்றேன். "இது நம்ம பிள்ளைங்களுக்கு."