இடப்பக்கக் கதவு

கீ... கிறீச். கீ... கிறீச்.

ஈரம் போதாத கண்ணாடியில் வைப்பர் உரசும் சத்தம். இன்று காலை நோர்வேயின் லோறென்ஸ்கூக்கில் எங்கள் வீட்டு வாசலில், பெய்வதா விடுவதா என்று முடிவெடுக்காத ஒரு தூறலில் அது கேட்டது. கேட்டதும் என் வலது கால் தானாகக் காரின் தரையை அழுத்தியது. அங்கே அழுத்துவதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் காலுக்கு அயர்லாந்து ஞாபகம் வந்துவிட்டது.

எனக்கு ஓரிடத்தில் இருக்க வராது. சனிக்கிழமை விடிந்தால் ஏதாவது ஒரு தெருவின் கடைசியைப் பார்க்க வேண்டும். கடைசியைப் பார்த்தால் அதற்கு அப்பால் இருக்கும் மேட்டைப் பார்க்க வேண்டும். அப்படித்தான் போன மாதம் நானும் மனைவியும் ஒரு கிழமை அயர்லாந்துக்குப் போனோம். கார் எடுப்பது, ஊர் ஊராக ஓடுவது, இருட்டும் இடத்தில் படுப்பது. திட்டம் அவ்வளவுதான்.

என் திட்டம் அது. அவளுடைய தலைக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. புறப்படுவதற்கு முதல் கிழமை அவளுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. முதியோர் இல்லத்தில் தாதியாக இருப்பவள், வீடு வீடாகப் போய்த் தனித்திருக்கும் முதியவர்களைப் பார்க்கும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். வேலை கிடைத்துவிட்டது. "அங்கையெண்டால் ஒராளோட பத்து நிமிசம் இருந்து கதைக்கலாம்" என்பாள். இல்லத்தில் ஒருவருக்கு மருந்தைக் கொடுக்கும்போதே கால் அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும். புதிய வேலைக்கு ஒரேயொரு நிபந்தனை: தானே கார் ஓட வேண்டும். நாங்கள் அயர்லாந்தில் நிற்கும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

லைசென்ஸ் இருந்தது. தைரியம் ஒஸ்லோவின் ரொம்மனில் கிடந்தது. ஆறு பனிக்காலத்துக்கு முன், அங்கே ஒரு சரிவில், உறைந்து கிடந்த தெருவில், கார் அவள் சொல் கேளாமல் தட்டாமாலை சுற்றிப் பனிக்குவியலுக்குள் போய்க் குந்தியது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அன்று பின்னேரம் சாவியை மேசையில் வைத்தாள்.

"இனி நான் தொடமாட்டன்."

"நான் இருக்கிறன்தானே" என்றேன்.

நல்ல மனதோடுதான் சொன்னேன். சொன்ன கையோடு போய் இருக்கையைத் தாழ்த்தி, கண்ணாடியை என் உயரத்துக்குத் திருப்பிவைத்தேன்.

டப்ளின் விமான நிலையத்தில் வாடகைக் கார் தரும் பெண் இரண்டு லைசென்ஸ் கேட்டாள். காரைப் பதிவு செய்த எங்கள் மகள் இருவரின் பெயரையும் கொடுத்திருந்தாள். மனைவி கைப்பையில் இருந்து தன்னுடையதை எடுத்து நீட்டினாள்.

"இதையேன் கொண்டுவந்தனீர்?"

"அடையாளத்துக்கு."

அவளுடைய மற்றக் கையில் பாஸ்போர்ட் இருந்தது.

அந்த நாட்டில் தெருவின் இடப்பக்கத்தால் ஓட வேண்டும். ஸ்டியரிங் வலப்பக்கம். "நான் பிறந்ததே இடப்பக்கத்தால ஓடுற நாட்டிலை. ரத்தத்தில இருக்கு" என்றேன்.

"நீங்கள் அங்கை ஓடினது சைக்கிள். அதுவும் நடுறோட்டால."

சாவியைச் சுழற்றிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து கம்பீரமாக உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் கையுறைப் பெட்டிதான் இருந்தது. நோர்வேயில் இத்தனை வருடம் இடப்பக்கக் கதவால் ஏறிய உடம்பு, வேறு கதவைத் தேடவே இல்லை. அவளும் அப்படித்தான். தன் வழக்கப்படி வலப்பக்கம் ஏறியவள், மடிக்கு மேலே ஸ்டியரிங்கைக் கண்டு இரண்டு கையையும் தொடைக்குக் கீழே ஒளித்துக்கொண்டாள். இறங்கினோம். ஆளுக்கொரு பக்கத்தால் சுற்றிவந்து மாறினோம். பெட்ரோல் அடித்துவிட்டு வந்தால் மறுபடியும். தேநீர் குடித்துவிட்டு வந்தால் மறுபடியும். அயர்லாந்தைச் சுற்றியதைவிட அந்தக் காரைச் சுற்றியதுதான் அதிகம். கியர் மாற்றப் போன என் வலது கை கதவில் அடித்து அடித்து விரல்முட்டு சிவந்திருந்தது.

ஆனால் என்ன நாடு அது! பச்சையில் இத்தனை வகை இருக்கிறதென்று சேலைக் கடையில்கூட நான் கண்டதில்லை. சின்னச் சின்ன ஊர்களில் ஒரு கடை மஞ்சள், அடுத்தது ஊதா, அடுத்தது கிளிமூக்குச் சிவப்பு. யார் யாரோடு கோபம் என்று தெரியாமல் தோள் உரசி நின்றன. முதுகில் நீலச்சாயம் பூசிய ஆடுகள் தெருவில் படுத்துக்கொண்டு, 'உனக்கென்ன அவசரம்' என்று பார்த்தன. சதுப்பு மண்ணைக் கட்டியாக வெட்டிக் காயவைத்து அடுப்பெரிக்கிறார்கள். அந்தப் புகை மழையோடு கலந்து ஒவ்வொரு ஊரின் வாசலிலும் எங்களை மணந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டது. கால்வே துறைமுகத்தில் வாங்கிய பொரித்த மீனுக்கும் கிழங்குக்கும் மேலே, மனைவி கைப்பையில் இருந்த சின்னப் போத்தலைத் திறந்து மிளகாய்த்தூள் தூவினாள். லைசென்ஸ், மிளகாய்த்தூள். தேவைப்படக்கூடியதை எல்லாம் அவள் கொண்டுவந்திருந்தாள்.

மேற்குக் கரையில் ஒரு வினோதம் தொடங்கியது. எதிரே வந்த கார்க்காரர்கள் எல்லாரும் ஸ்டியரிங்கில் இருந்து ஒரேயொரு விரலை உயர்த்தினார்கள்.

"ஏதோ பிழை விடுறன்போலை" என்று காரை ஓரங்கட்டினேன். இறங்கி விளக்கைப் பார்த்தேன், டயரைப் பார்த்தேன். ஒரு கதவில் அவளுடைய சால்வை நுனி வெளியே தொங்கியது. அதுதான் என்று உள்ளே தள்ளினேன். அடுத்த காரும் விரலை உயர்த்தியது.

தேநீர்க் கடைக்காரி நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். அது வணக்கம், வேறொன்றுமில்லை. தெரிந்தவர் தெரியாதவர் என்று பார்ப்பதில்லை, தெருவில் வருகிற எல்லாருக்கும்.

வியாழக்கிழமை ஒரு கடற்கரையில் நின்றோம். மணல் வெள்ளை, கடல் கண்ணாடிப் பச்சை, வானம் மட்டும் ஏதோ மனத்தாங்கலோடு கறுத்தது. ஒரு சொல்லும் இல்லாமல் மழை கொட்டியது. ஓடினோம். கதவைத் திறந்து விழுந்தோம். நான் இடப்பக்கம். அவள் வலப்பக்கம்.

சாவி என் கையில், ஸ்டியரிங் அவள் மடிக்கு மேல். கூரையில் மழை ஆயிரம் கையால் தட்டியது.

"இறங்கி மாறுவம்" என்றேன்.

"தெப்பமா நனைஞ்சுபோவியள்."

"அப்ப விடும்வரைக்கும் இருப்பம்."

அவள் கொஞ்சநேரம் கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "சாவியைத் தாங்கோ."

முதலில் இருக்கையை உயர்த்தினாள். பிறகு கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள். ஆறு வருடமாக எங்கள் வீட்டுக் கார்க் கண்ணாடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டாம் கியருக்கு மேல் அவள் போகவில்லை. மழை தூறலாகத் தேய்ந்தது. வைப்பரை நிறுத்த அவளுக்குத் தோன்றவில்லை. சொல்ல எனக்குத் துணிவில்லை. கீ... கிறீச். ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் தரையை மிதித்தது.

"அங்கை என்ன பிறேக்கோ இருக்கு?"

"இல்லை."

"பிறகேன் மிதிக்கிறியள்?"

தெரு ஒடுங்கியது. இரண்டு பக்கமும் இடுப்பளவு கல்மதில், நடுத்தெருவில் புல். வளைவு திரும்பினால் எதிரே ஒரு டிராக்டர், பின்னால் வைக்கோல் சுமையோடு. அவள் பதறி இடப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினாள். டிராக்டரால் பின்னே போக முடியாது. நாங்கள்தான் போக வேண்டும்.

"பொறும், நான் வந்து பின்னுக்கு எடுக்கிறன்" என்று கதவைத் தள்ளினேன். டக் என்று மதிலில் இடித்தது. கை மட்டும் நுழையும் இடைவெளி.

அவள் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது. அதற்கு நடுவிலும் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. "எப்பிடி வருவியள்? ஜன்னலாலையோ?"

பிறகு கியரைத் தேடிப் பிடித்தாள். "உங்கட பக்கக் கண்ணாடியைப் பாத்துச் சொல்லுங்கோ. மதில் எவ்வளவு தூரம்?"

"ஒரு சாண்."

"இப்ப?"

"அரைச் சாண். ஐயோ, வலக்கைப் பக்கம் திருப்பும்!"

"கத்தாதேங்கோ. தூரத்தை மட்டும் சொல்லுங்கோ."

சாண், அரைச் சாண், ஒரு முழம். என் ஆயுளில் இவ்வளவு அடக்கமாக நான் பேசியதில்லை. வயலுக்குள் போகும் படலை ஒன்றின் வாசலில் கார் பின்பக்கமாக நுழைந்து நின்றது. டிராக்டர் உறுமிக்கொண்டு கடந்தது. மேலே இருந்த கிழவர் தலையைத் திருப்பவில்லை. ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தினார்.

அவளும் உயர்த்தினாள். ஒரேயொரு விரல். உள்ளூர்க்காரி மாதிரி.

போன பிறகுதான் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணீர் வரச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கைப்பேசியை எடுத்து எதையோ எழுதினாள்.

"ஆருக்கு?"

"வேலைக்கு. ஓம் எண்டு எழுதினனான்."

"நாளைக்குத்தானே கடைசி நாள்? ஆறுதலா யோசிச்சு..."

"நாளைக்குப் பயம் திரும்பி வந்திடும்."

அதன்பிறகு டப்ளின் வரை அவள்தான் ஓடினாள். கதவுகளில் பிழை வரவே இல்லை. இருவரும் பழக்கப்படி ஏறினோம், அதுவே சரியாக இருந்தது. நான் முதல்முறையாக வெளியே பார்த்தேன். அதுவரை தெருவை மட்டுமே பார்த்திருக்கிறேன். தெருவுக்குப் பக்கத்தில் ஒரு நாடு இருந்தது.

இன்று அவளுக்குப் புதிய வேலையில் முதல் நாள். இடம் லில்லெஸ்ட்ரோம். ஒஸ்லோவில் என் வேலைக்கு லோறென்ஸ்கூக்கில் இருந்தே போகலாம். ஆனால் லில்லெஸ்ட்ரோமில் ஏறினால் ரயில் வேகம் என்று சொல்லிக் காரில் தொற்றிக்கொண்டேன். அவள் நம்பவில்லை, மறுக்கவும் இல்லை. இங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். ஆகவே வாசலில் நான்தான் மறுபடியும் பிழையான கதவைத் திறந்து, சுற்றிவந்து ஏறினேன். வழியில் எதிரே வந்த கார்களுக்கு அவள் ஒரு விரலை உயர்த்திக்கொண்டே போனாள். ஒருவரும் திருப்பி உயர்த்தவில்லை. ஒரு வேன்காரர் மட்டும் ஓரங்கட்டி, இறங்கித் தன் டயரைப் பார்த்தார்.

நிலைய வாசலில் நிறுத்தினாள். வைப்பர் கிறீச்சென்றது.

"பின்னேரமும் மழையெண்டுதான் கிடக்கு. முடிஞ்சதும் சொல்லும், நான் வந்து கூட்டிக்கொண்டு..."

"என்னத்தில வருவியள்? கார் என்னட்டை."

"ஓமோம்."

"ஓமெண்டால், பிறேக்கில இருந்து காலை எடுத்திட்டு இறங்குங்கோ."