கறுத்த நாரத்தங்காய்

என் தம்பி ஷார்ஜாவில் ஏ.சி. குழாய் பொருத்தும் வேலையில் இருக்கிறான். விடுமுறை முடிந்து அவன் கிளம்பும்போதெல்லாம் நான் போட்ட உப்பு நாரத்தங்காய் ஒரு பாட்டில் அவன் பெட்டிக்குள் போகும். பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கிணற்றடியில் ஒரு நாரத்தை மரம் நிற்கிறது. காயைச் சுருளாக அறுத்து, உள்ளே உப்பை அடைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடியும் அதன் சாற்றிலேயே ஊறப்போட்டு எடுப்பேன். புதிதில் மஞ்சளாக இருக்கும். சில வருடம் போனால் தார்போலக் கறுத்துவிடும். எங்கள் பக்கத்தில் அந்தக் கறுத்த காய்க்குத்தான் மதிப்பு. வயிறு உப்பினாலும், குமட்டினாலும், காய்ச்சலில் நாக்கு செத்துப்போனாலும் அதில் ஒரு துண்டு. எங்கள் சர்ச் சபையில் பலர் வீடு தேடி வந்து வாங்கிப் போவார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறேன். இரைப்பையையும் குடலையும் கரும்பலகையில் பார்க்காமல் வரைவேன். அதனால் என் ஊறுகாய்க்கு நானே விளக்கமும் கொடுத்துவந்தேன். உப்பில் ஊறியவற்றில் குடலுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்கள் வளரும், புளிப்பு பட்டால் செரிமான நீர் நன்றாகச் சுரக்கும் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதுவேன். எங்கிருந்தோ வந்ததை அப்படியே தள்ளிவிடுகிறவள் இல்லை நான். சொந்தமாக யோசித்து எழுதியதுதான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை தம்பி கூப்பிட்டான்.

“யக்கா, வயிறு ஒரே எரிச்சலாட்டு இருக்கு. தின்னது நெஞ்சு வரைக்கும் ஏறிட்டு வருது.”

“ரூம்ல கண்ட எண்ணெயில பொரிச்சதத் தின்னிருப்ப. ராத்திரி கஞ்சி வச்சுக் குடி. கூட நார்த்தங்கா ஒரு துண்டு கடிச்சுக்கோ, கேட்டியா.”

“ஆஸ்பத்திரிக்குப் போகணுமோன்னு பாக்கேன்.”

“இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரி மக்கா? ஒரு நாள் வேலைதான் போவும்.”

அவன் அப்படியே செய்தான். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னதைத் தட்டாதவன். அடுத்தமுறை பேசும்போது பரவாயில்லை என்றான். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயா என்று நான் கேட்கவில்லை. பளு தூக்கித் தூக்கி முதுகு வலி வந்து, தினமும் வெறும் வயிற்றில் வலி மாத்திரை போட்டுக்கொண்டிருந்ததை அவனும் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டான். குரல் தயங்கியது.

“சொல்லவே ஒரு மாதிரி இருக்குக்கா. வெளிக்குப் போனா ஒரே கறுப்பாட்டுப் போவுது.”

நான் சிரித்துவிட்டேன்.

“ஏலே, கறுத்த நார்த்தங்காயத் தின்னா பின்ன வெள்ளையாட்டா போவும்?”

“அதும் செரிதான்” என்று அவனும் சிரித்தான். பிறகு பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தோம்.

அடுத்த வாரமே வேலையிடத்தில் படியேறும்போது மயங்கி விழுந்தான். பள்ளிக்கூடத்தில் மதிய உணவு இடைவேளையில் எனக்குப் போன் வந்தது. அவனோடு அறையில் தங்கியிருக்கும் திருவட்டாறுக்காரர் பேசினார்.

“அக்கா, பயப்படாதீங்க. ரத்தமா வாந்தி எடுத்திட்டான். வயித்துக்குள்ள புண்ணு பொட்டி ரத்தம் போயிட்டே இருந்திருக்காம். இப்ப ரத்தம் ஏத்துதாங்க.”

என் எதிரே சாப்பாட்டு டப்பா திறந்து கிடந்தது. தயிர்ச்சோற்றின் ஓரத்தில் நாரத்தங்காய்த் துண்டு. மூடிவைத்துவிட்டு எழுந்து வெளியே போனேன். கறுப்பு என்று அவன் சொன்னபோதே அது ரத்தம்தான் என்பது அந்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. செரிமான நீரில் பட்டால் ரத்தம் கறுக்கும் என்று தெரியாதவளா நான்? தெரியும். என் ஊறுகாயைப் பற்றிப் பேச்சு வந்ததும் அந்த அறிவு எங்கோ போய்விட்டது.

அங்கேயே ஆஸ்பத்திரியில் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து ரத்தப்போக்கை நிறுத்தினார்கள். உடம்பு கொஞ்சம் தேறியதும் ஊருக்கு வந்தான். விமான நிலையத்தில் அவன் சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். அவன் மனைவிதான் முன்னே போய்ப் பெட்டியை வாங்கினாள்.

நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு நானும் அவன் மனைவியும் போனோம். டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வலி மாத்திரையால் வந்த புண் இது என்றார்.

“ஊறுகாய் தின்னதால இல்லையா டாக்டர்?” என்று கேட்டேன்.

“புளிப்பும் உப்பும் எரிச்சலக் கூட்டியிருக்கும். புண்ண உண்டாக்கினது மாத்திரைதான். ஆனா கறுப்பாப் போன அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும். ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?”

தம்பி என் முகத்தைப் பார்க்காமல், “நான்தான் கவனிக்கல டாக்டர்” என்றான்.

நான் சொல்லவேண்டிய இடம் அது. சொன்னேன். “இவன் கவனிச்சான். எங்கிட்ட கேட்டான். ஊறுகாய் நிறம்னு நான்தான் சொன்னேன்.” டாக்டரம்மா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே, “பலபேரு அப்படித்தான் நினைக்காங்க” என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க என்ன செய்விய மைனி? நல்லதுக்குத்தானே சொன்னிய.”

அவள் ஒரு சொல் கடிந்து பேசியிருந்தால் நான் அழுதிருப்பேன். அவள் கடிந்துகொள்ளவில்லை. என் கொழுந்தன்மார், சபையிலுள்ளவர்கள் எல்லோரும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். நல்லதுக்குத்தானே. நல்லது நினைத்துத்தான் சொன்னேன், உண்மை. ஆனால் ஒரு நாள் வேலை போகும் என்று சொன்னதும் நான்தான். அவன் வெட்கத்தை விட்டுக் கேட்டபோது சிரித்ததும் நான்தான்.

புண் ஆறிவிட்டது. சாப்பாட்டோடு கொஞ்சம் ஊறுகாய் தொட்டுக்கொள்ளலாம், வலி மாத்திரைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். திரும்பிப் போகும் நாளில் தம்பி என் சமையலறைக்குள் வந்து, “பாட்டில் எங்கக்கா?” என்று கேட்டான். இல்லை என்றேன். இருந்தது. அவனுக்கும் தெரியும். வற்புறுத்தாமல் போய்விட்டான்.

இப்போதும் வெள்ளிக்கிழமை பேசுகிறோம். தலைவலி என்றான் ஒருமுறை. “இப்பவே டாக்டரப் போய்ப் பாரு” என்று சொல்லி, ஆஸ்பத்திரியிலிருந்து போட்டோ அனுப்பச் சொல்லி, மருந்துச் சீட்டு கேட்டு, இரண்டு நாள் அவனை விடாமல் துரத்தினேன். தூக்கமில்லை என்றபோதும் அப்படியே. அதிலிருந்து அவன் உடம்பைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்வதில்லை. “நல்லா இருக்கியா மக்கா?” என்று கேட்டால், “சூப்பரா இருக்கேன்க்கா” என்கிறான். அவன் மனைவியிடம் தனியாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன்.