நாலு கலர் அட்டை

சிங்காரத்தைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் நான்தான் எழுதியாக வேண்டும். அவனுக்கு நேர்ந்ததில் பாதி என் கடையில் நேர்ந்தது, மீதி என்னால் நேர்ந்தது.

என் பெயர் கௌஸ் மைதீன். குவைத்தில் ஒரு ஆபீஸில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை ஊருக்குத் திரும்பும்போது சுமந்து வந்தேன். 1987-ல் பழவேற்காடு பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் பத்துக்குப் பத்து அறையில் அதை வைத்து விளையாட்டுக் கடை திறந்தேன். “மீன் விக்கிற ஊர்ல பொட்டிய வெச்சுக்கினு இன்னா பண்ணப் போறீங்க?” என்று என் மனைவி லத்தீபா கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். சிங்காரம் வரும்வரை நானும் ஈ ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அவன் ஏரிக்கு அக்கரையில் கடலோரக் குப்பத்துக்காரன். முப்பத்தைந்து வயது. மடவை மீன் கூட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கரையில் நின்றபடியே சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவன் பகலெல்லாம் இக்கரையில் ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டு திரிந்தான். காரணம், ஏரியில் வலை போட அவனுக்கு ஆறு வருஷத் தடை.

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அடுத்தவன் பாட்டில் கை வைப்பது அவன் வீட்டுக்குள் புகுந்து எடுப்பதற்குச் சமம். ஒரு வருஷம் இரண்டு குப்பங்களின் வலைகள் பக்கம் பக்கமாக விழுந்தன. அடையாளத்துக்கு ஒரு குப்பத்தார் கழிகளில் சிவப்புத் துணி கட்டினார்கள், சிங்காரத்தின் குப்பத்தார் பச்சை கட்டினார்கள். ஒரு நாள் காலையில் தனியாகப் போன சிங்காரம் சிவப்புத் துணி வலையை இழுத்து இறாலைப் படகில் கொட்டிக்கொண்டிருந்தபோது கையும் களவுமாகப் பிடிபட்டான்.

பஞ்சாயத்தில் தலைவர் ஆதிநாராயணன் கேட்டார்: “கண்ணு தெரியலியாடா உனக்கு?”

“என் கண்ணுக்கு இன்னா? நல்லாத்தான் தெரியுது” என்றான் இவன், ரோஷத்தோடு. கண் தெரிகிறவன் எடுத்தால் அது திருட்டுதானே! அதோடு கதை முடிந்தது.

அன்றிலிருந்து அவன் மனைவி இருசம்மாள் சேற்றில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிடித்துக் குடும்பத்தை ஓட்டினாள். தடை முடிய இன்னும் எத்தனை மாதம் என்பது இவன் நாக்கு நுனியில் இருக்கும். “நான் திருடல பாய்” என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னான். நான் தலையை ஆட்டி வைத்தேன். நம்பவில்லை.

கடையில் எல்லோருக்கும் பிடித்தது ஒரு கப்பல் சண்டை ஆட்டம். எதிரிக் கப்பல்களைச் சுட வேண்டும், நம் கப்பல்களை விட்டுவிட வேண்டும். அந்தத் திரையில் கறுப்பைத் தவிர ஒரே நிறம்தான். எதிரிக் கப்பலில் கோடு போட்டிருக்கும், நம்முடையது வெறுமையாக இருக்கும். சிங்காரம் உட்கார்ந்தால் எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒரு கப்பலைத் தவறவிட மாட்டான். அவன் ஆடுவதைப் பார்க்கவே இரண்டு குப்பத்து ஆட்களும் படகேறி வந்தார்கள்.

கூட்டத்தைக் கண்டதும் எனக்கு ஆசை முற்றியது. படம் விட்டுவிட்டு நகர்கிறதே, கலர் இல்லையே என்று குறைப்பட ஆரம்பித்தேன். சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் கம்ப்யூட்டருக்குள் செருகினால் நாலு கலர் காட்டும் அட்டை ஒன்றும், அதற்கேற்ற பழைய கலர் திரை ஒன்றும் வாங்கி வந்தேன். பெட்டியைத் திறந்து, உப்புக்காற்றில் களிம்பேறியிருந்த இடத்தை ரப்பரால் தேய்த்து, பழைய அட்டையைப் பிடுங்கி, புதியதைச் செருகி, உள்ளே இரண்டு பொடி சுவிட்சுகளை மாற்றித் தள்ளினேன். திரை எரிந்ததும் லத்தீபாகூட வாயைப் பிளந்தாள். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. கோடு போட்ட கப்பல் இப்போது இல்லை. எதிரி சிவப்பு, நாம் பச்சை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் ஆட்டம் சிங்காரத்துக்குத்தான் கொடுத்தேன். உட்கார்ந்த வேகத்தில் தன் கப்பல்களையே சுட்டுத் தள்ளினான். மறுபடி ஆடினான். மறுபடியும் அதேதான். எல்லோரும் சிரித்தார்கள். “திருடனுக்குச் செவப்பு இன்னா, பச்ச இன்னா, எல்லாம் ஒண்ணுதான்” என்றான் சிவப்புத் துணிக் குப்பத்துத் தானியேல்.

எனக்குச் சுரீரென்றது. எல்லோரையும் அனுப்பிவிட்டு, லத்தீபாவின் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூற்கண்டு ஒன்றும் பச்சை நூற்கண்டு ஒன்றும் எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

“எது செவப்பு?”

வெகு நேரம் பார்த்தான். கையில் எடுத்து உருட்டினான். “ரெண்டும் ஒண்ணாத்தானே பாய் இருக்குது?” என்றான்.

இது பிறவியிலேயே சிலருக்கு உள்ள கோளாறு என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். அவன் தேம்பித் தேம்பி அழுதான். “அன்னிக்கு அந்த வலைக்கு ஏன் போனேன்னு எனக்கே தெரியல பாய். ஒருவேள திருடத்தான் போனனோன்னு இத்தினி வருசமா நெனச்சுக்கினு இருந்தேன்.”

என் வாழ்க்கையில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று அப்போது நினைத்தேன். சந்தோஷத்தில் தலைகால் புரியாமல், நூற்கண்டுகளோடு அவனையும் இழுத்துக்கொண்டு பஞ்சாயத்துக்கு ஓடினேன். தானியேலும் வந்திருந்தான். ஆதிநாராயணன் நாலு தடவை சோதித்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கும்பிட்டார்.

“தப்பு எங்க மேலதான் சிங்காரம். நீ திருடன் இல்ல.”

பிறகு பெரியவர்கள் தனியாகப் பேசினார்கள். திரும்பி வந்த ஆதிநாராயணன் சிங்காரத்தின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “ஆனா பாட்டுல உனக்கு மொற குடுக்க முடியாதுப்பா. நாளைக்கு நீ அடுத்தவன் வலைய இழுத்தா குப்பத்துக்கும் குப்பத்துக்கும் வெட்டுக்குத்து ஆயிடும். நீ தெரியாம செஞ்சேன்னு எத்தினி வாட்டி சொல்றது?”

“எத்தினி நாளைக்கு?” என்று கேட்டான் சிங்காரம்.

திருட்டுக்கு ஆறு வருஷம் என்று கெடு வைத்தார்கள். கண்ணுக்கு என்ன கெடு வைக்க முடியும்?

மறுநாள் இருசம்மாள் கடைக்கு வந்தாள். கையெல்லாம் சேறு. “தடை முடிய எட்டே மாசம் பாய். எட்டு மாசம் போயிருந்தா எம் புருசன் திருடனாவே ஏரில எறங்கியிருக்கும். உன்ன யாரு கேட்டாங்க?” என்றாள். அந்த அட்டையைப் பிடுங்கி ஏரியில் வீசினால் என்ன என்று தோன்றியது. வீசி என்ன பயன்?

ஒரு வாரம் கழித்துச் சிங்காரம் வந்தான். ஆட வரவில்லை. “திருட்டுப் பேரு போவணும்னு நடிச்சேன், கலரு எனக்கு நல்லாத் தெரியும்னு பஞ்சாயத்துல சொல்லப் போறேன். சோதிப்பாங்க. செவப்பு எந்தக் கையில இருக்குதோ அந்தப் பக்கம் பாரு பாய். வேற ஒண்ணும் வாணாம்.” சரி என்றேன். சத்தியமாக மனதாரத்தான் சொன்னேன்.

பஞ்சாயத்தில் அவன் நிமிர்ந்து நின்று சொன்னான்: “நான்தான் திருடினேன். வேணும்னே திருடினேன்.”

ஆதிநாராயணன் ஒவ்வொரு கையிலும் ஒரு நூற்கண்டை வைத்து நீட்டி, “செவப்ப எடு” என்றார். சிங்காரம் என்னைப் பார்த்தான். தானியேலும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் டவுன்காரன், அவர்கள் பஞ்சாயத்தில் மூக்கை நுழைத்தவன், நாளைக்கும் கடை திறக்க வேண்டியவன். பயம் வந்துவிட்டது. தரையைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு பச்சையை எடுத்தான்.