சனிக்கிழமைப் பாட்டுக்கு அனுமதி கேட்ட பார்

ஈரக் குடைகளின் மணமும் கடலை வறுபடுகிற மணமும் கலந்து வரும்... எழுபதுகளின் கண்டியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கச்சேரியில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்திருந்தேன். இந்தியாவிலிருந்து வாசிக்கும் நண்பர்களுக்கு: எங்கள் நாட்டில் கச்சேரி என்றால் பாட்டு இல்லை, மாவட்டத்தின் அரசாங்க அலுவலகம். கந்தோர் என்போம்.

தங்கியிருந்த வீட்டில் ஒரு கட்டில், ஒரு அலுமாரி. வீட்டுக்காரருக்கு என் பெயர் கடைசிவரை வாயில் சரியாக வரவில்லை. வெள்ளிக்கிழமை கந்தோர் மூடினால் திங்கள் காலை வரை என்னோடு பேச ஒருவரும் இல்லை. திங்களன்று 'குட் மோர்னிங்' சொல்லும்போது குரல் கரகரக்கும். இரண்டு நாள் பயன்படுத்தாத குரல்...

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தப் பாருக்கு ஒரு மாலை மழைக்கு ஒதுங்கத்தான் போனேன். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. வாசலிலேயே நின்றேன். மனேஜர் ராமையா அண்ணன் பார்த்துவிட்டார். நாற்பது வயதிருக்கும்.

"குடிக்காட்டி என்ன தம்பி, உள்ள வந்து ஒக்காருங்க. மழை விடட்டும்."

மழை விட்டது. நான் அடுத்த நாளும் போனேன்.

அப்படியே ஒரு வருடம் போனது. கதவோரக் கதிரையில் ஒரு ஜிஞ்சர் பியரோடு, வெறும் இஞ்சிச் சோடாதான் அது, உட்கார்ந்திருப்பேன். வேலைக்கு நடுவே அண்ணன் வந்து நின்று பேசுவார். "அம்மா கடிதம் போட்டாங்களா தம்பி?" என்று அந்த நகரத்தில் என்னைக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.

ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"மொதலாளி சனிக்கிழமைல பாட்டு வைக்கப் போறாரு தம்பி. பன்னெண்டு மணி வரைக்கும் தொறக்க உங்க கச்சேரிலதான் பெர்மிட் கேட்டிருக்கோம். கெடைச்சா கடைக்குப் பின்னாடி இருக்க ரெண்டு ரூமையும் எனக்குத் தர்றேன்னுருக்காரு. பொண்டாட்டி புள்ளைங்கள தெல்தோட்டை எஸ்டேட்டுலருந்து கூட்டிட்டு வந்துருவேன்."

அவருக்குக் குடும்பம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

விசாரணை நாளில் ஆட்சேபணை சொல்ல ஒரே ஒரு பெண் வந்திருந்தார். நகரசபையில் வீதி கூட்டுபவர். பாருக்குப் பின்னால் இருந்த லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தார். வேலை முடிந்து நேரே வந்திருக்க வேண்டும், சேலை இன்னும் தூக்கிச் செருகியபடியே இருந்தது. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. நான் நடுவில் உட்கார்ந்தேன். எதிர் வாங்கில் ராமையா அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண் சொன்னார்: "நாலு மணிக்கு எந்திரிச்சு ரோடு கூட்டப் போறவ நான். பன்னெண்டு மணி வரைக்கும் பாட்டுப் போட்டா எப்ப தூங்குறது? அதுகூடப் பரவால்ல. எங்க லயத்துக்கு இருக்கிறது ஒரே கக்கூசு. பார் பக்கத்துச் சந்து வழியாத்தான் போகணும். இப்பவே ராத்திரில பொம்பளப் புள்ளைங்க போக முடியல, குடிச்சவனுங்க அங்கதான் நிக்கிறானுங்க. எம் மக விடியிற வரைக்கும் அடக்கிக்கிட்டுப் படுத்திருக்கா."

பாட்டுச் சத்தத்தால் தூக்கம் கெடும் என்கிறார் என்று சிங்களத்தில் சொன்னேன். அதோடு நிறுத்திவிட்டேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது... நாக்கு நின்றுவிட்டது. அதிகாரி எழுதத் தொடங்கினார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"எனக்குப் பேச வராது ஐயா. ஆனா சிங்களம் வெளங்கும். மிச்சத்தையும் சொல்லுங்க."

சொன்னேன், ஒரு சொல் விடாமல். அதிகாரி பேனையை வைத்துவிட்டு ராமையா அண்ணனைப் பார்த்து, இது உண்மையா என்று கேட்டார்.

அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "உண்மைதான் சார்" என்றார்.

அந்த வாரமே அனுமதி மறுக்கப்பட்டது. கடிதத்தின் தமிழ்ப் பிரதியையும் நான்தான் எழுதினேன்.

இரண்டு வாரம் பார்ப் பக்கம் போகவில்லை. பிறகு போனேன். கதவோரக் கதிரை காலியாகத்தான் இருந்தது.

"வாங்க சார். என்ன குடுக்க?"

சார்...

"அண்ணன், நான் அண்டைக்கு விசாரணையில..." என்று தொடங்கினேன்.

"நீங்க ஒங்க வேலையத்தானே செஞ்சீங்க. அந்தப் பொம்பள சொன்னதும் நெசந்தானே சார்."

கோபம் இல்லை. ஜிஞ்சர் பியரை வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அம்மாவின் கடிதம் பற்றிக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை.

ஆறேழு மாதம் கழித்து அந்த வழியால் போனபோது கல்லாவில் வேறொருவர் நின்றார். பரிமாறுகிறவரிடம் விசாரித்தேன்.

"அண்ணன் குடும்பத்தோட இந்தியாவுக்குப் போயிட்டாருங்களே. போன வாரம் ரயில் ஏறுனாங்க. ஒங்ககிட்ட சொல்லலியா?"

இந்திய வம்சாவளித் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் இரு அரசாங்கங்களின் ஒப்பந்தப்படி முறை வைத்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. கண்டி ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். கந்தோரிலிருந்து நடந்து போகிற தூரம்தான். அந்தக் கூட்டத்தில் ஒருநாள் அவரும் நின்றிருக்கிறார். நான் மேசையில் குனிந்து எதையோ மொழிபெயர்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

அந்தப் பெண் சொன்னதை முழுவதும் சொன்னதற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தம் இல்லை. சொல்லாமல் விடப் பார்த்ததற்குத்தான் வெட்கம். ஆனால் அதற்குப் பிறகு வந்த மாலைகள் மிக நீளமானவை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கண்டிக்குப் போனேன். நாங்கள் தங்கிய ஹோட்டலின் மேல்மாடியில் பாட்டுச் சத்தம். அனுமதி எடுத்திருப்பார்கள். யார் ஆட்சேபித்தார்கள், யார் மொழிபெயர்த்தார்கள் என்று யோசித்தபடி படுத்திருந்தேன். இப்போது போனே மொழிபெயர்த்துவிடுகிறது...

அந்தப் போனில்தான் பேஸ்புக்கைத் திறந்து 'ராமையா' என்று போட்டுப் பார்த்தேன். ஆயிரம் பேர் வந்தார்கள். தகப்பன் பெயர் தெரிந்தால் தேடலாம். இந்தியாவில் எந்த ஊர் என்று தெரிந்தால் தேடலாம். பிள்ளைகளின் பெயர் தெரிந்தாலும் போதும்.

ஒரு வருடம் தினமும் அவர் என்னைக் கேட்டார், நான் பதில் சொன்னேன். நான் அவரிடம் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.