ஒன்றரை அடி அலை

எங்கள் ஆம்பூரிலிருந்து கடலுக்குப் போவதென்றால் வேலூரைத் தாண்டி, ராணிப்பேட்டையைத் தாண்டி, காஞ்சிபுரத்தையும் தாண்டிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் கடலை டிவியில் பார்த்ததோடு சரி. இருந்தும் நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், மாசி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் கடல் அலையின் உயரம் வாசிக்கப்பட்டது. வாசித்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி.

மாமா ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்ஷனில் இருந்தார். ஷூ வாங்குகிற நாட்டிலிருந்து தரம் பார்ப்பதற்காக ஒரு வெள்ளைக்காரர் அங்கே வந்து தங்கியிருந்தார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு நீளப் பலகையைக் கார் மேல் கட்டிக்கொண்டு, மகாபலிபுரம் பக்கம் ஒரு கடற்கரைக்குப் போய் அலைமேல் ஏறி நிற்க வேண்டும். எந்த நாளில் அலை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்கிற ஒரு வெப்சைட்டை அவர்தான் மாமாவின் போனில் திறந்து காட்டினார். மாமாவிடம் அப்போது புது டச் போன் இருந்தது. அதில் பார்ப்பதற்கு ஏதாவது ஒன்று அவருக்கு எப்போதும் வேண்டியிருந்தது.

அலை எத்தனை அடி, காற்று எந்தத் திசை, தண்ணீர் ஏறுகிறதா வடிகிறதா என்றெல்லாம் அதில் வரும். கடைசியில் நட்சத்திரம் போட்டிருப்பார்கள். அலை பெரிதாக இருந்தால் நிறைய நட்சத்திரம். அலை சின்னதாக இருந்தால் ஒன்றுமே இருக்காது. இன்றைக்குப் பலகையை எடுத்துக்கொண்டு வராதீர்கள் என்கிற மாதிரி ஒரு வரி மட்டும் இருக்கும். எங்கள் வீட்டில் எல்லோரும் அந்த நட்சத்திரமில்லாத நாளுக்காகத்தான் காத்திருந்தோம்.

காரணம், தாத்தா. பொங்கல் முடிந்து சில நாட்களில் அவர் இறந்துபோனார். பாலாற்றில் தண்ணீர் ஓடியிருந்தால் அஸ்தியை அங்கேயே கரைத்திருப்பார்கள். ஆற்றில் மணலும் முள்செடியும்தான் இருந்தன. அதனால் கடலுக்குக் கொண்டுபோவது என்று முடிவானது. அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்பதால், சின்ன மண்பானையில் போட்டு, வாயை மஞ்சள் துணியால் கட்டி, பின்பக்கம் இருந்த புங்கமரக் கிளையில் தொங்கவிட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் நீச்சல் தெரியாது. காரியம் செய்யக் கடலில் இறங்கியவர்களை அலை இழுத்துக்கொண்டுபோன கதைகளை அம்மா யார் யாரிடமோ கேட்டுவைத்திருந்தாள். அலை ஜாஸ்தியாக இருக்கிற நாளில் யாரையும் தண்ணீரில் இறங்கவிட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மாமாவின் போனுக்கு அப்படித்தான் வீட்டில் மரியாதை வந்தது.

இங்கே அப்பாவையும் தாத்தாவையும் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் தோல் பதனிடும் வேலை பார்த்தவர்கள். தாத்தா அந்தக் காலத்தில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர். அப்பா அதே டேனரியில் மிஷின் ஓட்டினார். ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நான் நடுவில் நிற்க வேண்டும்.

“உங்கப்பன் கைல சொல்லு, என் கண்ணாடி காலு ஒடஞ்சி போச்சுன்னு.”

அப்பா கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நான் திரும்பி, “அப்பா, தாத்தா கண்ணாடி காலு ஒடஞ்சி போச்சாம்” என்பேன்.

“நாளைக்கு எடுத்துனு போறேன்னு சொல்லும்மா.”

“தாத்தா, நாளைக்கு எடுத்துனு போறாராம்.”

“சரின்னு சொல்லு.”

எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்பா படிப்பில் கெட்டிக்காரர் என்பதும், பத்தாவது பரீட்சை எழுதுவதற்குள் தாத்தா அவரை இழுத்துக்கொண்டுபோய் டேனரியில் சேர்த்துவிட்டார் என்பதும் பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது. தாத்தா இறந்த அன்று பெரியப்பா தரையில் புரண்டு அழுதார். அப்பா பந்தல்காரரோடும் பறைக்காரரோடும் பேசிக்கொண்டு, வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. ஊரில் அதைப் பேசிக்கொண்டார்கள்.

பெரியப்பா அணைக்கட்டுப் பக்கத்தில் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர். மாசி அமாவாசை அன்றைக்கே கரைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். மாமா போனைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“அமாவாசைக்கு அஞ்சடி காட்டுது பெரிய மாமா. ரெண்டு ஸ்டாரு போட்ருக்கான். வேணாம்.”

“இன்னாடா ஸ்டாரு? எங்க நைனாவ கரைக்கிறதுக்கு வெள்ளக்காரன் நாள் குறிச்சிக் குடுக்கணுமா?”

பேச்சு வளர்ந்தது. அமாவாசையில் கரைத்தால்தான் தாத்தா கரையேறுவார் என்றார் பெரியப்பா. தாத்தா கரையேறுவதற்குள் நாம் முழுகிவிடக்கூடாது என்றார் மாமா. அம்மா மாமாவின் தொடையில் கிள்ளினாள். அதுவரை சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பா வாயைத் திறந்தார்.

“கம்மியா இருக்கிற நாள்லயே போலாம்ணா.”

அப்பா அபூர்வமாகத்தான் எதையாவது முடிவாகச் சொல்வார். அதனால் பெரியப்பா முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

அமாவாசை போனது. அடுத்த வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். “வர்ற ஞாயித்துக்கெழம! ஒண்ணர அடி. காத்தே இல்ல. ஒரு ஸ்டாருகூட இல்ல. வேஸ்ட்டுன்னு போட்ருக்கான்!” என்றார். பரீட்சையில் பாஸான செய்தியைச் சொல்வதுபோல முகமெல்லாம் சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே வேன் வந்துவிட்டது. பெரியப்பா பானையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். எனக்கு மாற்று கவுன், துண்டு, மணலில் விளையாட ஒரு பிளாஸ்டிக் மக்கு எல்லாம் நானே எடுத்துவைத்திருந்தேன். துக்கத்துக்குப் போகிறோம் என்று அம்மா இரண்டு தடவை நினைவுபடுத்தினாள். நான் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு மக்கை சீட்டுக்கு அடியில் தள்ளினேன்.

டிவியில் பார்த்த கடலை எதிர்பார்த்துப் போன எனக்குக் கடற்கரையில் இறங்கியதும் அழுகை வந்துவிட்டது. அலையே இல்லை. தட்டையாக, வெளுத்துப்போய், யாரோ கழுவி ஊற்றிய தண்ணீர் மாதிரி கடல் கிடந்தது. கரைக்குப் பக்கத்தில் மட்டும் சின்னதாக ஒரு மடிப்பு விழுந்து, மணலைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. பலகை வைத்திருந்த மூன்று நான்கு பையன்கள் அதன் மேலேயே உட்கார்ந்து கடலை வெறித்துக்கொண்டிருந்தார்கள்.

“இதுக்கா மாமா இவ்ளோ தூரம் வந்தோம்?”

“பாத்தியா, சொன்னா மாதிரியே! அவனுங்கல்லாம் சொம்மா குந்தினு இருந்தானுங்கன்னா நமக்கு நல்ல நாளுன்னு அர்த்தம்.” மாமா அந்தக் கடலைத் தானே கட்டிமுடித்த மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

கரையில் ஐயர் ஒருவர் மந்திரம் சொல்லி, பிண்டம் வைத்து, பெரியப்பாவிடம் பானையைக் கொடுத்தார். மூத்த மகன் முழங்கால் தண்ணீர்வரை போய், கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, பானையைப் பின்பக்கமாக விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரைக்கு வந்துவிட வேண்டும். அதுதான் முறை. சொல்லிவிட்டு, ஐயர் அடுத்து வந்திருந்த குடும்பத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

பெரியப்பா அழுதுகொண்டே போனார். சொன்னபடியே விட்டார். திரும்பிப் பார்க்காமல் வந்தார். அவர் பின்னாலேயே பானையும் வந்தது. மெல்ல உருண்டு உருண்டு வந்து, கரையேறிய பெரியப்பாவின் குதிகாலில் முட்டி நின்றது.

நான் வாயைப் பொத்திக்கொள்வதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

பெரியப்பா மறுபடியும் இன்னும் நாலடி தள்ளிப் போய் விட்டார். பானை கொஞ்சம் யோசித்தது. அந்தச் சின்ன அலை வந்து அதைத் தூக்கி, அவசரமே இல்லாமல் கொண்டுவந்து, இந்தத் தடவை எங்கள் செருப்புக்குப் பக்கத்தில் சேர்த்தது. மூன்றாவது தடவையும் அப்படியே. பலகைப் பையன்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பெரியப்பாவுக்கு அழுகை நின்று கோபம் வந்துவிட்டது.

“அமாவாசைக்கு வந்திருந்தா ஒரே இழுப்புல போயிருக்கும்! உன் பேச்ச கேட்டேன் பாரு. எங்க நைனாவ கடலுகூட வேணான்னு தள்ளுது!”

மாமா போனைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஏறுகிற நேரமாம், சாயங்காலம் வடியுமாம். அதைச் சொல்கிற தைரியம் அவருக்கு வரவில்லை. படகுப் பக்கம் நின்றிருந்த ஒரு மீன்காரர் அருகில் வந்தார். “குடுங்க, போட்டுல எடுத்துனு போய் உள்ள வுட்டுட்டு வர்றேன்” என்றார். மாமாவின் முகத்தில் உயிர் வந்தது.

“இல்லீங்க,” என்றார் அப்பா. “நானே போறேன்.”

அவ்வளவு நேரமும் அவர் எல்லோருக்கும் பின்னால், வேன்காரரோடு நின்றுகொண்டிருந்தார். வந்து குனிந்து பானையை எடுத்தார். துணியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார். பேன்ட்டைக்கூட மடித்துவிடாமல் தண்ணீரில் இறங்கினார். கடலைத் தொட்டுப் பார்க்க எனக்கு அதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று நானும் பின்னாலேயே ஓடினேன். முழங்கால் தண்ணீரில் நான் நிற்க, அப்பா எனக்குச் சற்று முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஒரு அலை வந்தபோது பானையை நனையாமல் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் அவர் பேசியது எனக்குக் கேட்டது.

“வா நைனா. நான் கூட வர்றேன், வா.”

நான் சுற்றிலும் பார்த்தேன். யாரிடம் எதைச் சொல்லச் சொல்கிறார் என்று புரியவில்லை.

தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. கரையில் அம்மா, “போதும், திரும்பி வாங்க!” என்று கத்தத் தொடங்கினாள். மாமா செருப்போடு தண்ணீருக்குள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். தூரத்தில் அப்பாவின் தலையும் தோளும்தான் தெரிந்தன. அவர் துணியை அவிழ்த்து, பானையை விட்டெறியாமல், உள்ளே கைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தண்ணீரில் விட்டார். சாம்பல் உடனே போகவில்லை. அலையில்லாததால் அவரைச் சுற்றியே மிதந்தது, சட்டையில் ஒட்டியது. அவர் அதைத் தள்ளிவிடவும் இல்லை. அது கரைந்து முடியும்வரை நின்றார். எவ்வளவு நேரமோ தெரியாது. அம்மா கத்துவதைவிட்டு, கும்பிட்ட கையோடு நின்றாள்.

பிறகு அப்பா ஒரு முழுக்குப் போட்டுவிட்டுக் கரைக்கு வந்தார். முகம் கடலைப் பார்த்திருக்க, ஒவ்வொரு காலாகப் பின்னுக்கு வைத்து, முதுகைக் காட்டிக்கொண்டே வந்தார்.

“கடலப் பாக்கக் கூடாதுடா! திரும்பிப் பாத்தா தோஷம்னு சொன்னாரு இல்ல!” என்று பெரியப்பா பதறினார்.

“நான் எங்கண்ணா திரும்பனேன்?” என்றார் அப்பா.

பெரியப்பா வாயில் துண்டை வைத்துக்கொண்டு தம்பியையே பார்த்தார். பிறகு அந்தத் துண்டால் அப்பாவின் தலையைத் துவட்டிவிட்டார், சின்னப் பையனுக்குத் துவட்டுவதுபோல அழுத்தமாக. அப்பா தலையைக் குனிந்து காட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் வழிந்தது முழுக்கக் கடல் தண்ணீர் என்றே நான் நினைத்தேன்.

வழியில் ஒரு ஓட்டலில் இட்லி சாப்பிட்டோம். பெரியப்பாவும் மாமாவும் வேனில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். மக்கைக் கடைசிவரை வெளியில் எடுக்கவே முடியவில்லை என்பதுதான் எனக்கு அன்றைய பெரிய துக்கம்.

இந்தக் கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். மாமாவுக்கும் அந்த வெப்சைட் அலுத்துவிட்டது. போனில் பார்க்க வேறு என்னென்னவோ வந்துவிட்டன. ஆனால் அப்பா விடவில்லை. மாமா வீட்டுக்கு வரும்போதெல்லாம், சாப்பிட்டுக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகக் கேட்பார்.

“இன்னிக்கு எப்படிக் காட்டுது?”

ஒரு அடி, இரண்டு அடி என்று மாமா சொன்னால் தலையை ஆட்டிக்கொண்டு குழம்பை ஊற்றிக்கொள்வார். ஜாஸ்தி என்றால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். எனக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. அப்பாவுக்குக் கடல் பிடித்துவிட்டது, மறுபடியும் எங்களைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். மாமா நனைந்துகொண்டு வந்திருந்தார். அப்பா கேட்டதும் போனைத் திறந்து பார்த்தவர், “யப்பா! பத்தடிக்கு மேல காட்டுது மாமா. புயல் சின்னமாம். நாளைக்கு இன்னும் ஜாஸ்தியாவும்” என்றார்.

அப்பா தட்டில் கையைக் கழுவினார். சோறு பாதிக்குமேல் அப்படியே இருந்தது. எழுந்து போய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, தெருவில் ஓடுகிற மழைத் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். அம்மா மாமாவை முறைத்தாள். மாமா போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஏன் எல்லோரும் இப்படி ஆகிவிட்டார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கடலுக்குப் போவது தள்ளிப்போகிறதே என்றுதான் அப்பாவுக்கு வருத்தம் என்று எனக்குத் தோன்றியது. அந்த வருத்தம் எனக்கும் இருந்தது. பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“புயலு போனா கம்மியாய்டும்ப்பா.”

அப்பா என்னைக் குனிந்து பார்த்தார்.

“கம்மியாய்டுமா?”

“ஆமாம்ப்பா. ஒரு அடிக்கு வந்துடும். ஒரு ஸ்டாருகூட இருக்காது, பாரு.”

அவர் என் தலைமேல் கையை வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. இந்தத் தடவை மக்கோடு ஒரு பந்தும் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று நான் மனதுக்குள் முடிவு செய்துகொண்டிருந்தேன்.