கடைசி சீட்டுச் சிரிப்பு

எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், சிரித்தால் வாய்விட்டுத்தான் சிரிப்பார். தலையைப் பின்னால் சாய்த்து, தொடையில் ஒரு தட்டு தட்டி, பக்கத்தில் இருப்பவர் தோளிலும் ஒன்று போட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில்தான் இன்று எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது.

நான் கல்யாணமாகி வந்தபோது அத்தை கப்பல் பட்டறையில் துரு தட்டிக்கொண்டிருந்தார். நாளெல்லாம் இரும்பின்மேல் சுத்தியல் அடிக்கிற வேலை. முட்டி தேய்ந்து அவர் அதை விட்ட சமயம், துறைமுகத்தைச் சுற்றிக் காட்டும் கூரையில்லாத மாடி பஸ்ஸில் எனக்கு வேலை கிடைத்தது, தற்காலிகமாக. மைக்கைப் பிடித்து கலங்கரை விளக்கம், மணிக்கூண்டு, கிரேன் என்று காட்டிக்கொண்டே வர வேண்டும். நடுநடுவே ஜோக் வேறு சொல்ல வேண்டுமாம்! முதல் வாரம் என் ஜோக்குக்கு ஒரு ஈ காக்கைகூடச் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் அழுதேன். என் கணவருக்குக் கிடங்கில் இரவுக் காவல் வேலை, பகலில் தூங்குவார். அதனால் எங்கள் வீட்டில் பேச்செல்லாம் கை ஜாடைதான். மைக்கை இப்படிப் பிடித்தேன், ஜோக்கைச் சொல்லி முடித்துத் தலையிலிருந்த தொப்பியை இப்படிப் பின்னால் தள்ளினேன், யாருமே சிரிக்கவில்லை என்று ஜாடையிலேயே சொன்னேன்.

மறுநாள் அத்தை பளிச்சென்று உடுத்திக்கொண்டு பஸ் கிளம்பும் இடத்துக்கே வந்துவிட்டார். "கடைசி சீட்டுல உக்காந்துக்கறேன், நீ பாட்டுக்குப் பேசு" என்றார்.

கிரேனைக் காட்டினேன். "நூறு டன் தூக்கும்ங்க. ஆனா எங்க வீட்டுக்காரரைப் படுக்கையிலேருந்து தூக்கச் சொல்லுங்க பார்ப்போம்!"

தொப்பியைத் தள்ளினேன். கடைசி சீட்டில் குபீரென்று ஒரு சிரிப்பு. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது, பிறகு பஸ்ஸே சிரித்தது. பெற்ற மகனைக் கிண்டலடித்தால் இப்படிச் சிரிக்கிற மாமியார் யாருக்குக் கிடைப்பார் என்று பூரித்துப்போனேன். அன்றிலிருந்து தினமும் வந்தார். டிரைவர் அண்ணன் அவரிடம் டிக்கெட் கேட்டதே இல்லை.

ஒரு வருடம் ஆனதும் மேற்பார்வையாளர் வந்து ஏறினார். அந்த ஒரு சுற்றைப் பார்த்துத்தான் என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார். கிரேன் வரைக்கும் எல்லாம் நன்றாகவே போனது. பிறகு கடலில் மாண்ட மாலுமிகளின் நினைவுத்தூண். அங்கே ஜோக் கிடையாது, பஸ்ஸை நிறுத்தித் தலை குனிவோம்.

"புயல்ல போனவங்க ஒருத்தர்கூடத் திரும்பி வரலை" என்றேன். காற்று தொப்பியைக் கண்மேல் இறக்கியது. பின்னால் தள்ளினேன்.

குபீர்! தொடைத் தட்டலோடு.

மேற்பார்வையாளர் முகம் கடுகடுவென்று ஆனது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வேலையும் போச்சு, மானமும் போச்சு! மைக்கும் கையுமாகக் கடைசி சீட்டுக்குப் பாய்ந்தேன். "அத்தை, செத்தவங்களைப் பத்திச் சொல்றேன், என்ன சிரிப்பு உங்களுக்கு?"

அத்தை என் உதட்டையே பார்த்தார். பிறகு மிரண்டுபோய், "ஏம்மா, தொப்பியைத் தள்ளினியே? தள்ளினா சிரிக்கணும்தானே?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காதைத் தொட்டு, கேட்கவில்லையா என்று ஜாடை காட்டினேன்.

"அது பட்டறையிலயே போச்சு. அதனால என்ன? உன் தொப்பி தெரியுதுல்ல."

ஒரு வார்த்தைகூடக் காதில் விழாமல், ஒரு வருடம் எனக்காக வெயிலில் உட்கார்ந்து சிரித்திருக்கிறார் என் அத்தை! அங்கேயே கட்டிப்பிடித்து அழுதேன். மைக்கை அணைக்கவில்லை, பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. இறங்கும்போது ஒவ்வொருவரும் அத்தையின் கையைப் பிடித்துவிட்டுத்தான் போனார்கள். கடைசியாக வந்த மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமினார்.

"நிரந்தரம்னு எழுதிடறேன்மா. அந்தத் தொப்பியை மட்டும் மாத்திடுங்க."

அடுத்த சம்பளத்தில் அத்தைக்குக் காது மெஷின் வாங்கினோம். மறுநாளே மாட்டிக்கொண்டு ராஜாத்தி மாதிரி கடைசி சீட்டில் உட்கார்ந்தார். கிரேன் வந்தது. ஜோக்கைச் சொன்னேன். சிரிப்பைக் காணோம்.

"அடிப்பாவி! இத்தனை நாளா என் புள்ளையையா ஊரே கேக்க நக்கல் பண்ணிட்டிருந்தே? இதுக்கா நான் தொடையைத் தட்டித் தட்டிச் சிரிச்சேன்?"

பஸ் அதிர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை வாங்கியதே இல்லை. போச்சு, இனிமேல் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் எனக்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"கிரேன்கிட்ட அதை மறக்காம சொல்லு. நான் திட்டணும்ல?"